உழுத வயலில் பொய்ச் சிக்னல்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் ஒன்று உண்டு. "மெஷின் சும்மா கத்துகிறது, தோண்டினால் ஒன்றும் இல்லை." வீட்டுத் தோட்டத்திலும் கடற்கரை மணலிலும் ஒழுங்காக இருந்த மெஷின், ரோமானியர் காலத்து ஓடு சிதறிக் கிடக்கும் வயலுக்கு வந்ததும் தலைகால் தெரியாமல் கூவ ஆரம்பிக்கும்.

பெரும்பாலும் மெஷின் கெட்டுப்போயிருக்காது. மனிதர் நூற்றாண்டுக்கணக்கில் குடியிருந்த மண்ணில் ஆணி கிடக்கும், அடுப்பெரித்த மண் இருக்கும், பிற்காலத்தில் கொட்டிய குப்பையும் சேர்ந்திருக்கும். இந்தச் சத்தத்தை மொத்தமாக அடக்குவது சுலபம்தான். இரண்டு பட்டன் போதும். ஆனால் அதோடு நீங்கள் தேடும் பழைய காசும் சேர்ந்து அடங்கிவிடும். ஆகவே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளது இங்கிலாந்து, வேல்ஸ் வயல்களை வைத்து எழுதியது. அங்கே நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்று அறிவித்த இடத்தில் உரிய ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்காட்லாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் விதிகள் வேறு, இன்னும் கடுமை. இதைப் படித்துவிட்டு ஊருக்குப் போகும்போது மெஷினைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்ட முடியாது.

## எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை

எந்தச் சத்தம் வந்தாலும் செட்டிங்கில் கைவைக்கும் முன், தண்டின் அடியில் உள்ள வட்டத் தட்டான காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடியுங்கள். பத்து விநாடி கேளுங்கள்.

அப்போதும் கத்தினால் காரணம் காற்றில் இருக்கிறது. முதல் அறிகுறியைப் படியுங்கள்.

அசைக்காமல் பிடித்தால் அமைதி, காற்றில் வீசினாலோ காயிலைத் தட்டினாலோ சத்தம் என்றால் காரணம் மெஷினில். இரண்டாவது அறிகுறி.

காற்றில் வீசினாலும் அமைதி, தரைக்குப் பக்கத்தில் போனால் மட்டும் சத்தம் என்றால் காரணம் மண்ணில், அல்லது மண்ணுக்குள். மூன்றாவதிலிருந்து தொடருங்கள்.

இந்தப் பத்து விநாடியைச் செலவழிக்காமல்தான் பலர் சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்திறனை, குறைத்துக்கொண்டே போய், கடைசியில் மேல் மண்ணை மட்டும் வருடிவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

## அறிகுறி 1: காயில் அசையவே இல்லை, ஆனாலும் சத்தம்

சட்டைப்பையில் பாருங்கள். போன், ஸ்மார்ட் வாட்ச், ஆன் செய்தபடி இடுப்பில் தொங்கும் பின்பாயின்டர் (குழிக்குள் துழாவும் சிறிய கைக்கருவி) மூன்றும் சந்தேகத்துக்கு உரியவை. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, காயிலுக்கு எதிர்ப்பக்கப் பையில் வையுங்கள். சிக்னல் பலவீனமான கிராமப்புறத்தில் போன் டவரைத் தேடித் தேடி அதிக சக்தியில் ஒலிபரப்பும். வீட்டில் தொந்தரவு தராத போன் வயலில் தருவது இதனால்தான்.

கூட வந்தவரைப் பாருங்கள். இரண்டு டிடெக்டர் ஒரே அலைவரிசையில் அருகருகே ஓடினால் இரண்டும் குழம்பும். பத்து இருபது மீட்டர் விலகச் சொல்லுங்கள். அவர் நகரும்போது சத்தமும் குறைந்தால் சந்தேகம் தீர்ந்தது.

விநாடிக்கு ஒருமுறை டிக், டிக் என்று அளவெடுத்த மாதிரி வந்தால் மின்வேலி. மாடு, குதிரை மேயும் வயலின் ஓரத்தில் கட்டியிருக்கும் மெல்லிய வெள்ளை நாடாவையோ கம்பியையோ பாருங்கள். அதை நீங்களாகப் போய் அணைக்கவே கூடாது. மறுபக்கம் குதிரை நிற்கிறதா என்று விவசாயிக்குத்தான் தெரியும். அவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் வயலின் அந்தக் கோடிக்குப் போங்கள்.

தொடர்ச்சியான இரைச்சல், திரையில் பொருளின் வகையைக் காட்டும் எண்கள் கண்டபடி ஓடுகின்றன என்றால் தலைக்கு மேல் மின்கம்பி, நிலத்தடியில் கேபிள், அல்லது பக்கத்துப் பண்ணைக் கட்டடத்தின் மின்சாதனங்கள். இங்கேதான் வெளி இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல் வசதி உதவும். காயிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு அதை ஓட்டுங்கள். வீசிக்கொண்டே ஓட்டினால் பயனில்லை. அப்புறமும் அடங்கவில்லையா? அலைவரிசையை மாற்றுங்கள். ஈக்வினாக்ஸ் 800 போன்ற மெஷினில் பல அலைவரிசை ஒன்றாக ஓடும் மோடும் இருக்கிறது. 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியும். மின்கம்பிக்குக் கீழே பல அலைவரிசை மோடு தடுமாறும்போது ஒற்றை அலைவரிசை அமைதியாக ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிம்ப்ளெக்ஸ் மாதிரி 12 கிலோஹெர்ட்ஸ் ஒன்றில் மட்டும் ஓடும் மெஷினில் அந்த வசதி இல்லை. அதில் உள்ள சிறு அலைவரிசை நகர்த்தலைச் செய்துபார்த்துவிட்டு, இடத்தை மாற்றுங்கள்.

சென்சிட்டிவிட்டியைக் குறைப்பது இவற்றுக்கெல்லாம் பிறகு. அதையும் இரண்டிரண்டு படியாகக் குறையுங்கள்.

இந்த அறிகுறிக்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: வேறு இரண்டு மூன்று ஊர்களில், திறந்த வெளியில், எல்லாவற்றையும் அணைத்த பிறகும் இதே இரைச்சல் என்றால் மெஷின் வாங்கிய கடைக்குப் போக வேண்டியதுதான்.

## அறிகுறி 2: இடித்தால், தட்டினால், கம்பி ஆடினால் சத்தம்

வீட்டிலேயே சோதிக்கலாம், ஆனால் வீட்டுக்கு வெளியே. உள்ளே இரும்பும் மின்சாரமும் சூழ்ந்திருக்கும்.

காயிலின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஈர மண்ணும் துருத்தூளும் ஒரு அடுக்கு சேர்ந்திருந்தால், நீங்கள் போகும் இடமெல்லாம் அது கூடவே வந்து சிக்னல் கொடுக்கும். கழுவித் துடைத்து மாட்டுங்கள். இதைச் செய்துவிட்டே பாதிப்பேர் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள்.

அடுத்து கேபிள். தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும், காயிலுக்குப் பக்கத்தில் மட்டும் அது மடங்க இடம் விட வேண்டும். தளர்ந்து ஆடினால், ஒவ்வொரு வீச்சிலும் ஒரு பொய்ச் சத்தம் வரும். இணைப்பு முனையைக் கழற்றி, ஈரம் இருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். காயில் தண்டோடு சேரும் இடத்தில் போல்ட், ரப்பர் வாஷர் தேய்ந்து காயில் லொடலொடவென்று ஆடினாலும் இதே கதைதான். அந்த வாஷர் சில பவுண்டுதான்.

பூட்ஸையும் பாருங்கள். முனையில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு காயிலைக் காலுக்கு அருகில் வீசினால், வலது கோடியில் ஒரு சத்தம், இடது கோடியில் ஒரு சத்தம் என்று ஒழுங்காக வரும். மண்வெட்டியை வீசும் பக்கமே இழுத்துக்கொண்டு நடப்பதும் அப்படியே.

மக்காச்சோளம் அறுத்த தட்டை நிற்கும் வயலில் காயில் இடித்துக்கொண்டேதான் போகும். நல்ல காயில்கூட ஓங்கி இடித்தால் ஒரு சிணுக்கம் போடும். மெல்ல வீசுங்கள், அல்லது அந்த வயலை உழுது பரம்படித்த பிறகு போங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, காயிலை விரலால் மெல்லத் தட்டினாலே கத்துகிறது, கேபிளின் ஒரு குறிப்பிட்ட இடத்தை வளைத்தால் கத்துகிறது என்றால் உள்ளே ஒயர் விட்டிருக்கிறது, அல்லது விரிசல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. நண்பரிடம் அதே மாடல் காயில் இருந்தால் மாட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் உங்கள் காயில்தான் கெட்டது. அதைப் பிளந்து பார்க்காதீர்கள். உள்ளே ஒயர்கள் பசையில் உறைந்திருக்கும்; ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சமநிலை போய்விடும். இங்கேதான் சர்வீஸ் சென்டர். வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## அறிகுறி 3: தரையைத் தொடும்போதெல்லாம் முனகல்

காயிலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது சத்தம், தூக்கும்போது அமைதி, அல்லது மாறி மாறி என்றால் மண்ணும் மெஷினும் ஒத்துப்போகவில்லை. மண்ணின் கனிமத்தையே மெஷின் பொருளாக எண்ணுகிறது.

இதற்குத் தீர்வு கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மெஷினை அந்த மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வது. முறை எல்லோருக்கும் தெரியும்: பட்டனை அழுத்திக்கொண்டு காயிலை ஏற்றி இறக்க வேண்டும். தெரியாமல் போவது, எந்த இடத்தில் செய்வது என்பது. அடியில் ஆணி இருக்கும் இடத்தில் செய்தால் ஆணிக்குத்தான் பேலன்ஸ் ஆகும், அப்புறம் வயல் முழுக்கத் தகராறு. பழைய இடத்தில் சுத்தமான ஒரு சதுர அடி கிடைப்பது அரிது. டிஸ்கிரிமினேஷனை (இரும்பின் சத்தத்தை வடிகட்டும் செட்டிங்) முழுக்க எடுத்துவிட்டு, இரும்பு உறுமலும் கேட்காத இடத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் வேலியோரம், ஓடு சிதறல் தீர்ந்த இடம்வரை நடந்துபோய்ச் செய்துவிட்டு வாருங்கள்.

தானாகவே பேலன்ஸைத் தொடரும் ட்ராக்கிங் வசதியை ஆணி நிறைந்த இடத்தில் அணைத்துவிடுவது நல்லது. அது இரும்பையே மண் என்று நினைத்துத் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஏஸ் 250 மாதிரி ஆரம்ப மெஷின்களில் பேலன்ஸ் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தியது, மாற்ற முடியாது. அங்கே சென்சிட்டிவிட்டியைக் குறைப்பதும், காயிலைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வைத்து வீசுவதும்தான் வழி. ஆழம் கொஞ்சம் போகும். போகட்டும்.

வயலில் ஒரு திட்டில் மட்டும் முனகல் என்றால் மண்ணின் நிறத்தைப் பாருங்கள். கறுத்தோ செம்மண் நிறமாக மாறியோ இருந்தால் அங்கே நெருப்பு எரிந்திருக்கலாம்: அடுப்பு, சூளை, உலை. சூடேறிய மண்ணில் உள்ள இரும்புக் கூறுகள் காந்தத்தன்மை கூடிய வடிவத்துக்கு மாறுகின்றன. தொல்லியலாளர்கள் காந்தமானியை வைத்துச் சூளையைக் கண்டுபிடிப்பதே இதனால்தான். உங்கள் மெஷின் அதையே சத்தமாகச் சொல்கிறது. அந்தத் திட்டுக்குள் நின்று புதிதாக பேலன்ஸ் செய்தால் ஓரளவு அடங்கும்.

சின்னச் சின்னக் கீச்சுகள், தோண்டினால் ஓட்டுத் துண்டோ கருங்கல்லோ மட்டும். சுட்ட ரோமானிய ஓடும் செங்கல்லும் சில நேரம் தாமாகவே சிக்னல் தரும். எடுத்த ஓட்டைக் காயில் முன்னால் ஆட்டிப் பாருங்கள். சத்தம் அதிலிருந்துதான் என்றால் குழிக்குள் மேலும் துழாவத் தேவையில்லை. இவ்வகைச் சிக்னலுக்கு அடையாளம்: காயிலை ஒரு விரல் தூக்கினாலே சட்டென்று மறையும், எண் ஒரு இடத்தில் நிற்காது.

கடற்கரை ஈர மணலில் முனகல் என்றால் உப்பு. ஒற்றை அலைவரிசை மெஷினைக் கொண்டு அங்கே மல்லுக்கட்டாதீர்கள். பல அலைவரிசை மெஷினின் பீச் மோடு அதற்காகவே இருக்கிறது.

## அறிகுறி 4: ஒரு பக்கம் வீசினால் கீச்சென்று காசு, மறுபக்கம் உறுமல்

பழைய இடத்தின் பெரிய தொல்லை இது. கீச்சு என்பது நல்ல உலோகத்துக்கு மெஷின் கொடுக்கும் உயர்ந்த ஒலி, உறுமல் இரும்புக்குக் கொடுக்கும் தாழ்ந்த ஒலி. காரணம் இரும்பு, அதிலும் ஆணி. எவ்வளவு ஆணி இருந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் இஞ்ச்டுதில் கோட்டையைக் கைவிட்டுப் போகும்போது ரோமானியப் படை ஒரே குழியில் புதைத்துவிட்டுப் போன ஆணிகள் 8 லட்சத்துக்கும் மேல். அது படைமுகாம் என்பது சரி. ஆனால் மரத்தால் கட்டிய சாதாரணப் பண்ணைவீடு எரிந்தோ இடிந்தோ போனாலும் ஆணி எல்லாம் அங்கேயேதான் கிடக்கும். உழவு அதைச் சால் சாலாகப் பரப்பிவிடும். ஆகவே உறுமல் கேட்கும் இடத்தை விட்டு ஓடாதீர்கள். மனிதர் இருந்ததற்கு அடையாளமே அந்த உறுமல்தான்.

நீளமான இரும்பு, வளைந்த இரும்பு, ஆணியின் முனை ஆகியவை காயிலின் கீழே ஒரு கோணத்தில் வரும்போது மெஷின் அதை நல்ல உலோகம் என்று தவறாகப் படிக்கிறது. வரிசையாகச் சோதியுங்கள்.

90 பாகை திரும்புங்கள். சிக்னலைச் சுற்றிக் கால் பங்கு வட்டம் நடந்து, மறுபடி வீசுங்கள். கீச்சு முழுக்க மறைந்து உறுமல் மட்டும் மிஞ்சினால் ஆணி. நகருங்கள்.

வீச்சைச் சுருக்குங்கள். ஒரு கையகலத்துக்குள் வேகமாக ஆட்டுங்கள். காசு விடாமல் பேசும். ஆணி விட்டுவிட்டுப் பேசும், பாதியில் உடையும்.

இடத்தைக் குறியுங்கள். கீச்சு கேட்ட இடத்தில் குதிகாலால் ஒரு கோடு போடுங்கள். இப்போது பின்பாயின்ட் பட்டனை அழுத்தி நடுப்புள்ளியைத் தேடுங்கள். இரண்டும் ஒரே இடம் என்றால் நல்லது. கீச்சு ஒரு இடம், பின்பாயின்ட் நான்கு விரல் தள்ளி என்றால் ஆணியின் முனைதான் கத்தியிருக்கிறது.

டிஸ்கிரிமினேஷனை எடுத்துவிட்டுக் கேளுங்கள். ஈக்வினாக்ஸில் குதிரை லாடம் வரைந்த பட்டன் இதற்குத்தான். கீச்சோடு ஒட்டிக்கொண்டு உறுமலும் வருகிறதா, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். இந்தக் காது பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கிறது. சந்தைக் கூச்சலில் தெரிந்தவர் குரலைப் பிரித்துக் கேட்பது போன்றது. திரையில் ஓடும் எண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

முழங்கால் உயரத்துக்குத் தூக்குங்கள். காசு அந்த உயரத்தில் பேசாது. பேசினால் அடியில் பெரிய இரும்பு: கலப்பைக் கொழு, சங்கிலி, கோடரித் தலை.

சோதனைகளுக்குப் பிறகு கிடைக்கும் விடைகள் மூன்று நான்குதான்.

எல்லாக் கோணத்திலும் கீச்சு, ஆனால் எண் அளவுகோலின் உச்சியில் போய்க் குதிக்கிறது, தூக்கினாலும் சத்தம் குறையவில்லை என்றால் பெரிய தட்டையான இரும்பு. வளைய வடிவ இரும்பும் மெஷினை ஏமாற்றும். டிராக்டர் வாஷர், சங்கிலிக் கண்ணி, லாடம் எல்லாம் மோசமான இரும்பாக இருந்தும் நல்ல காசு போலவே பாடும். இவற்றில் சிலவற்றைத் தோண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

திரும்பிய பிறகும் கீச்சு இருக்கிறது, ஆனால் இடம் சற்று நகர்கிறது என்றால் வளைந்த ஆணியாக இருக்கலாம், இரண்டு ஆணிக்கு நடுவில் சிக்கிய காசாகவும் இருக்கலாம். நான்கு கோணத்தில் இரண்டில் நன்றாகப் பேசினால் பழைய இடத்தில் நான் தோண்டுவேன். இடைக்கால வெள்ளிக் காசு தாள்போல மெலிந்தது. நெட்டுக்குத்தாகக் கிடந்தால் ஒரு பக்கம்தான் பேசும். பூங்காவில் இந்த விதி வேண்டாம், முதுகு போய்விடும்.

### செட்டிங்கில் என்ன மாற்றலாம்

சந்தேகமான சிக்னலை இரும்பு என்று கணிக்க வைக்கும் அயர்ன் பயஸ் என்ற அமைப்பைக் கூட்டினால் பொய்க்கீச்சு குறையும். அதோடு ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் இரும்பாகிவிடும். ஒரு தெரிந்த ஆணியையும் ஒரு காசையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்து, படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். காசு மறையும் அளவுக்கு இரண்டு படி கீழே நிறுத்துங்கள்.

ரிகவரி ஸ்பீடு, டியூஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ரியாக்டிவிட்டி, கூட்டினால் அருகருகே கிடக்கும் இரண்டு பொருளை மெஷின் தனித்தனியாகச் சொல்லும். ஆழம் கொஞ்சம் குறையும். ஆணிப் படுகையில் இந்த வியாபாரம் லாபம்தான். அங்கே ஆழத்தில் இருப்பதை ஆணிகள் எப்படியும் மறைத்துவிடும்.

சென்சிட்டிவிட்டி உச்சத்தில் இருந்தால் ஒரு ஆணியே ஒன்பது ஆணியாகக் கேட்கும். இரண்டு மூன்று படி இறக்கினால் சத்தம் தெளியும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் பணம் செலவழிக்கும் கட்டம்: சின்னக் காயில். 11 அங்குலக் காயிலின் கீழே ஒரே நேரத்தில் நான்கு ஆணி இருக்கும் இடத்தில் 6 அங்குலக் காயிலின் கீழே ஒன்றுதான் இருக்கும். ஆணிப் படுகையில் புது மெஷினை விட இது அதிகம் கொடுக்கும், விலையும் அதில் ஒரு பங்குதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

## அறிகுறி 5: எல்லாப் பக்கமும் நல்ல சத்தம், எண்ணும் நிற்கிறது, தோண்டினால் குப்பை

இது பொய்ச் சிக்னல் என்று சொல்லக்கூடாது, மெஷின் உண்மைதான் சொல்கிறது. ஆனாலும் புகார் வருவதால் இங்கே சேர்க்கிறேன்.

குழியில் உலோகமே இல்லை, கறுப்பாக, எடையில்லாமல், துளை துளையாக ஒரு கட்டி இருக்கிறதா? அது கோக், அதாவது நிலக்கரியின் எரிந்த மிச்சம். 19ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின் வைத்து உழுத வயல்களிலும், நகரத்துக் கழிவையும் சாம்பலையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எருவாகக் கொட்டிய வயல்களிலும் இது இறைந்து கிடக்கும். மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சிறிய வெள்ளிக் காசின் எண்ணிலேயே பேசும். பின்பாயின்டரை அதன்மேல் வைத்துப் பாருங்கள், சில கட்டிகள் அதையும் கத்த வைக்கும். எண்ணைப் பார்த்து அந்தப் பகுதியை மொத்தமாக வெட்டிவிடலாம்தான். வெட்டினால் பாதியாகவும் காலாகவும் நறுக்கிய இடைக்காலக் காசுகளும் போய்விடும். நான் வெட்டுவதில்லை, அந்த வயலை மழை பெய்து மண் பதமான நாளுக்கு வைத்துக்கொள்வேன், தோண்டுவது சுலபம்.

கனமான, உருகிய கண்ணாடி போன்ற கட்டி என்றால் இரும்புக் கிட்டம். அங்கே பழைய கொல்லுப்பட்டறையோ உலையோ இருந்திருக்கலாம். நிறையக் கிடைத்தால் எடுத்து எறிந்துவிடாமல் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயல் முழுக்க இடைவெளியே இல்லாமல் சிணுங்கல், தோண்டினால் அலுமினியத் துணுக்கு, பிளாஸ்டிக் துண்டு, கண்ணாடிச் சில்லு. நகராட்சிக் குப்பையிலிருந்து செய்த உரத்தை விவசாயி பரப்பியிருக்கிறார். இதற்கு மருந்து கிடையாது. எந்த செட்டிங்கும் உதவாது, எந்தக் காயிலும் உதவாது. வேறு வயல் கேளுங்கள்.

துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகமும் இப்படித்தான் அச்சடித்தாற்போல ஒரே எண்ணில் வரும். சலிப்பாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள், அடுத்தமுறை அந்த இடம் சுத்தமாக இருக்கும்.

## அறிகுறி 6: தோண்டியதும் சிக்னல் காணவில்லை

முதலில் வெட்டியெடுத்த மண்ணைக் காயிலால் பாருங்கள். பொருள் குழியில் இல்லை என்றால் பெரும்பாலும் குவியலில் இருக்கும். அங்கும் இல்லையா, குழியின் பக்கச் சுவரில் பின்பாயின்டரால் சுற்றித் தடவுங்கள். குறி சற்றுத் தவறியிருக்கும்.

அங்கும் இல்லையென்றால் மூன்று காரணம் உண்டு. நெட்டுக்குத்தாக இருந்த காசு புரண்டிருக்கலாம். குவியலைப் பரப்பிவிட்டு மறுபடி வீசுங்கள். அல்லது அது துருப்பிடித்த இரும்பு: பொருளைச் சுற்றி மண்ணுக்குள் துரு ஊறியிருக்கும், மண்ணைக் கலைத்ததும் கோணமும் மாறி, கீச்சு வெறும் உறுமலாகிவிடும். டிஸ்கிரிமினேஷனை எடுத்துவிட்டுக் கேட்டால் உறுமல் கேட்கும், கதை முடிந்தது. மூன்றாவது, கனிமம் கூடிய மண்ணில் குழியே ஒரு பொய்ச் சிக்னல் கொடுக்கும். குழியைப் பாதி நிரப்பிவிட்டு வீசினால் அது போய்விடும்.

இன்னும் சந்தேகமா? சரி, ஆனால் உழவு மண்ணுக்குக் கீழே போகாதீர்கள். உழவுச் சால் தொட்ட ஆழம்வரை எல்லாம் ஏற்கெனவே கலைந்தது. அதற்குக் கீழே மண்ணின் நிறம் மாறும். அந்த அடுக்கில் தொல்லியல் இன்னும் கலையாமல் இருக்கலாம். அங்கிருந்து கீழே அகழாய்வாளரின் வேலை.

## அறிகுறி 7: பின்பாயின்டர் மட்டும் கத்துகிறது

கையில் மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். பேட்டரியை மாற்றுங்கள். ஆன் செய்யும்போது முனையை மண்ணிலோ மண்வெட்டிக்கு அருகிலோ வைக்காமல் காற்றில் பிடித்து ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான்.

## அறிகுறி 8: பெரிதாக, ஆழமாக, விட்டுவிடாமல் ஒரு சிக்னல்

இங்கே சந்தேகத்தோடு மெல்லப் போக வேண்டும்.

நேர்கோடாக நீண்டுகொண்டே போனால் குழாயோ கேபிளோ. தோண்டாமல் விவசாயியிடம் கேளுங்கள்.

கிழக்கு இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான தளங்கள் நிறைய. குழியில் உருளையாக, கூம்பு முனையோடு, துடுப்போடு ஏதாவது தெரிந்தால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், எடுத்துக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். விலகி வந்து 999 அழையுங்கள். போலீஸ் ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவை வரவழைக்கும்.

மூன்றாவது சாத்தியம் எல்லோரும் கனவு காண்பது. குழியில் ஒரு காசு, அப்புறம் இன்னொன்று, பின்பாயின்டர் இன்னும் எல்லாப் பக்கமும் கத்துகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் ஊரில் எரிக் லாஸ் என்பவர் விவசாய நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப்போய்த்தான் ரோமானியப் புதையலைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை முறையாக அகழ்ந்தார்கள். சுமார் 15,000 காசுகளும் தங்க நகைகளும் எந்தப் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தன என்பதுவரை தெரிந்ததற்கு அவர் நிறுத்தியதே காரணம். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

செய்ய வேண்டியது: குழியின் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு பொருள் வைத்து. போனில் இடத்தின் ஆயத்தொலைவைக் குறியுங்கள் (ஏரோப்ளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்). எடுத்ததைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். குழியை மெல்ல மூடுங்கள். நில உரிமையாளரிடம் சொல்லுங்கள், அந்த மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலருக்கு (பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்பவர்) அன்றே போன் செய்யுங்கள். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ கலந்த காசு இரண்டு ஒன்றாகக் கிடைத்தாலே 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அது புதையல். 14 நாளுக்குள் மரண விசாரணை அலுவலரான கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவ வேலையைத் தொடர்பு அலுவலரே பார்த்துக்கொள்வார். அவர் வந்து பார்க்கும்வரை அந்த வயலில் நின்ற இடத்தைப் பற்றி நண்பர்கள் குழுவில் எதுவும் எழுதாதீர்கள். இரவில் டார்ச்சோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.